பை இல்லாமல் வந்தவன்

பை வீட்டில் இருக்கிறது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, ஒரு லுங்கி, ஒரு துண்டு, சோப்பு, பல்பொடி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் வயிற்றில் வைத்துக்கொண்டு வாய் கட்டித் தொங்குகிறது, நான் இங்கே ஆம்பூர் போகும் டவுன் பஸ்ஸின் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். பின்படி ஓரத்தில் இல்லை, நடுவில், மூன்று பேர் சீட்டின் நடு இடத்தில். ஜன்னல் பக்கம் ஒரு கிழவர் வாய் திறந்து தூங்குகிறார், இந்தப் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. இந்த ஏகாம்பரம் வாழ்க்கையில் பஸ்ஸின் நடுவில் உட்கார்ந்தவன் இல்லை. பின்படிதான் என் இடம், போலீஸ் முன்படியில் ஏறினால் பின்படியில் இறங்க. தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி மிதித்த பையனாக இருந்தபோதே அதைக் கற்றுக்கொண்டேன், நாற்பது வருடம் அது என்னைக் காப்பாற்றியது. மனநல டாக்டர் நஸ்ரின் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். வெளியே போகும் வழிக்குப் பக்கத்திலேயே உட்காருவது, எங்கே போனாலும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போவது, இதெல்லாம் உங்க பயத்துக்கு நீங்களே போடுற தீனி ஐயா என்றாள். இது பயம் இல்லை அம்மா, கட்டுப்பாடு, மறியலுக்குப் போகிறவன் ஜெயிலுக்குத் தயாராகப் போவான் என்றேன். கடைசியா எப்ப கைதானீங்க என்று கேட்டாள். பதினோரு வருடம் ஆகிறது. ரேஷன் கடைக்கும் பை எடுத்துட்டுப் போறீங்களா என்று கேட்டாள். அதற்குப் பக்கத்தில் இருந்த கன்னியம்மாள் பதில் சொன்னாள்: "கக்கூசுக்கு மட்டுந்தான் எடுத்துனு போறதில்ல டாக்டரம்மா." நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள், சங்கத்தின் கேட் மீட்டிங்கில் யாரும் என்னை அப்படி மடக்கியதில்லை. டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணை நான் நம்ப ஆரம்பித்தது அப்போதுதான்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, என்னா பெருசு, இன்னிக்கி படிய வுட்டுட்டு உள்ள வந்துட்ட என்றான். இவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. பஸ் கிளம்பிவிட்டது, தோல் நாற்றம் ஜன்னல் வழியாக வந்து போகிறது, ஊருக்குப் புதியவன் மூக்கைப் பொத்துவான், எனக்கு அது சோற்று வாசனை. மார்பு சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிறதா என்று பார்த்தவுடனே ஒரு துடிப்பு கூடுதலாக வருகிறது, பார்க்காதே ஏகாம்பரம், அதைப் பார்க்கப் பார்க்க அது மேடை ஏறும். சட்டைப் பையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டறிக்கை இருக்கிறது, பதற்றக் கோளாறுகளைப் புரிந்துகொள்வோம் என்று தலைப்பு. நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும், மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. கூலி என்றால் என்ன, உபரி என்றால் என்ன, உலகம் எங்கே எப்படித் திரும்புகிறது, எல்லாம் எட்டுப் பக்கத்துக்குள் படித்தவன். எனவே துண்டறிக்கை என்றால் எனக்கு ஒரு நியாயம் உண்டு. இதை முதல் தடவை படித்தபோது சிவப்புப் பேனாவால் திருத்தினேன். தலைப்பில் சூடு இல்லை. முதல் வரியில் ஆளைப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, எதிரி யார் என்று எங்கேயும் சொல்லவில்லை. எதிரி இல்லாத துண்டறிக்கையை நான் அதுவரை பார்த்ததில்லை. உங்கள் மூளையில் ஓர் எச்சரிக்கை மணி இருக்கிறது, ஆபத்து வரும்போது அடிக்க வேண்டிய அது ஆபத்து இல்லாதபோதும் அடிக்கிறது, இவ்வளவுதான் சொல்கிறது. ஆலைச் சங்கு கெட்டுப்போய் நேரமில்லாத நேரத்தில் ஊதுகிறது என்று எழுதியிருந்தால் எங்கள் ஜனத்துக்கு ஒரே வரியில் புரிந்திருக்கும். ஆனால் பின்பக்கம் வகைகளைப் பிரித்திருந்தார்கள், அதைப் படித்தபோது பேனாவை மூடினேன். முப்பது வருடம் நாங்கள் மனிதனை இரண்டாகத்தான் பிரித்தோம், வீரன், கோழை. இந்தக் காகிதம் கோழை என்று ஒருவனையும் சொல்லாமல் ஐந்து வகை சொல்கிறது. ஒவ்வொரு வகையிலும் எனக்குத் தெரிந்த ஒரு முகம் இருந்தது. எல்லாவற்றுக்கும் எப்போதும் கவலை, கேஸ் மூடினேனா, மகள் போன் ஏன் வரவில்லை, நாளைக்கு மழை பெய்தால் என்ன ஆகும், மாதக்கணக்கில், தூக்கம் இல்லாமல், கழுத்து இறுகி, இது பொதுவான பதற்றக் கோளாறு, இது என் கன்னியம்மாள். நான் ஜெயிலில் இருந்தபோதெல்லாம் அவள் வெளியே இருந்து வாங்கிக்கொண்டது அதுதான் போலிருக்கிறது. குறிப்பிட்ட ஒன்றைக் கண்டால் மட்டும் பயம், அது சப்ஜான், கம்பெனி கேட்டின் ஈட்டி முனையில் ஏறி நின்று கொடி கட்டியவன், பல்லியைக் கண்டால் சங்க ஆபீசை விட்டு ரோட்டுக்கு ஓடுவான், நாங்கள் வேண்டுமென்றே ரப்பர் பல்லி வாங்கிவந்து மேசையில் வைப்போம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்வது, தப்பாகப் பேசிவிடுவோம், சிரிப்பார்கள் என்று ஒதுங்குவது, இது சமூகப் பதற்றம், இது ஞானசிகாமணி. எங்கள் சங்கத்தின் நல்ல துண்டறிக்கை எல்லாம் அவன் எழுதியது, மேடைக்கு மட்டும் வரமாட்டான், அடக்கம் என்று நாங்கள் புகழ்ந்து புகழ்ந்து அவனை மேடைக்குக் கீழேயே வைத்துவிட்டோம். நான்காவது பீதிக் கோளாறு. திடீரென்று இதயம் அடிக்கும், மூச்சு முட்டும், கை மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்று தோன்றும், சில நிமிடத்தில் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும், பிறகு அது மறுபடி வருமோ என்ற பயத்திலேயே ஆள் வாழ்வான். ஐந்தாவது அதன் கூடப் பிறந்தது, அது வந்தால் தப்பிக்க முடியாது என்று நினைக்கும் இடத்துக்கெல்லாம் போகாமல் இருப்பது. பஸ், கூட்டம், வரிசை. இதில் யார் முகம் என்று கேட்க வேண்டியதில்லை.

கூட்டத்துக்குப் பயப்படும் கிளர்ச்சிக்காரன். முதலாளிகள் சங்கத்தில் யாராவது இதைக் கேள்விப்பட்டால் பிரியாணி போடுவான். போன மாதம் இதே பஸ்ஸில், பின்படி ஓரத்தில், மடியில் பையோடு இருந்தபோதுதான் வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது, பஸ் நின்றது, நான் நிற்கவில்லை, இறங்கி டீக்கடை பெஞ்சில் படுத்துவிட்டேன், சாகிறேன் என்று நினைத்து சாவுக்கு வேண்டிய கம்பீரத்தைக்கூட முகத்தில் வரவழைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தது, நெஞ்சில் கம்பி ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிறது என்ற வார்த்தை அவ்வளவு அவமானமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்கடுத்த வாரம் பஸ்ஸில் ஏறி அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கினேன். இரண்டு தடவையும் ஷூ கம்பெனி வாசலில் எஸ்தர் எனக்காக நின்றாள். அங்கே வேலை செய்யும் பெண்கள் கக்கூசுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும், ஷிப்டுக்கு இரண்டு டோக்கன், அதற்கு மேல் போனால் சம்பளம் பிடிப்பு. எஸ்தரும் இன்னும் ஏழு பெண்களும் டோக்கனை சூப்பர்வைசர் மேசையில் கொட்டிவிட்டுக் கக்கூசுக்குப் போனார்கள், திரும்பி வந்தபோது வேலை இல்லை. நாளைக்குக் காலையில் அந்த இடத்துக்குப் புது ஆள் எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் முடிந்தது. இன்று சாயந்திரம் ஷிப்டு விட்டு வரும் பெண்கள் வாசலில் நின்றால் எட்டுப் பேருக்கும் வேலை உண்டு, நேராகக் கம்பெனி வேனில் ஏறிவிட்டால் இல்லை. மைக்குக்கு அனுமதி கொடுக்கவில்லை. மைக் இல்லாமல் அந்த வேன்களின் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கிற தொண்டை இந்தத் தாலுகாவில் ஒன்றுதான் இருக்கிறது, அது இப்போது பஸ்ஸின் நடுவில் உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டிருக்கிறது. எஸ்தர் நேற்று வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. வருவியா தோழர், இல்ல நாங்க வேற ஏதாச்சும் பாக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். வருவேன் என்றேன். அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய பையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதுதான் சிக்கல். அந்தப் பார்வை. ஏனென்றால் பையைப் பற்றிய சட்டம் நான் போட்டது. பழைய காலத்தில் கோதண்டம் என்று ஒரு தலைவன், வெள்ளை வேட்டி, வெண்கலக் குரல், கலெக்டர் ஆபீஸ் மறியலுக்கு வெறும் கையோடு வந்தான். நாங்கள் நூறு பேர் பையோடு வேனில் ஏறினோம், அவன் ஏறவில்லை. இன்ஸ்பெக்டரோடு முன்பே பேசி வைத்திருந்தான். ஜெயிலில் உட்கார்ந்து நான் எழுதிய முதல் துண்டறிக்கையில் ஒரே ஒரு வரிதான் நின்றது, தலைவன் முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் பை இல்லாமல் வருகிற தலைவன் விலைபோனவன். அந்தப் பெண்களுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன், இன்றைக்குக் கைது செய்வார்கள், எட்டுப் பேரும் பையோடு வாருங்கள் என்று. இன்று மதியம் ஆணியிலிருந்து பையை எடுத்தேன். கையில் பிடித்தவுடன் நெஞ்சு இறங்கியது, மூச்சு நிதானமானது, பஸ்ஸுக்கென்ன, நிலாவுக்கே போகலாம் போல ஒரு நிம்மதி. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சுவார்த்தைக்குப் போனால் முதலாளி வரவழைத்துக் கொடுக்கும் டீ மாதிரி இருந்தது. அதைக் குடித்தவன் எதில் கையெழுத்துப் போடுவான் என்று எனக்குத் தெரியும். இன்று பையோடு போனால் இனி ஒரு நாளும் பை இல்லாமல் போகமாட்டேன், நாளைக்குப் பையும் போதாது, கன்னியம்மாள் வேண்டும், பிறகு கன்னியம்மாளும் போதாது, வீடுதான். மறுபடி மாட்டினேன். அவசரமில்ல ஐயா, ரெண்டு ஸ்டாப்பு, அப்புறம் நாலு, படிப்படியாப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாள், ரெண்டும் நாலும் கன்னியம்மாளோடு போய்ப் பார்த்தும் ஆயிற்று. படிப்படியாக வருவது சீர்திருத்தவாதிகளின் பழக்கம், நாளைக்குப் புது ஆள் எடுக்கிறார்கள் அம்மா, படி எண்ண நேரமில்லை. அப்படியானால் அந்தப் பெண்களிடம் என்ன சொல்வாய். தெரியாது. வெறும் கையைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பார்த்தால் ஷிப்டு விட்டு வருகிறவர்கள் நிற்கமாட்டார்கள். நிற்காவிட்டால் எட்டுப் பேர் தெருவில். பை கதவுக்குப் பின்னால் ஆணியில். இந்த இடத்திலேயே நினைப்பு மாட்டிக்கொண்டு சுற்றுகிறது, செக்கு மாடு மாதிரி, பை, கை, எட்டுப் பேர், பை.

யாரோ பக்கத்தில் உட்காருகிறான். முகம் பார்க்கவில்லை, செருப்பைத்தான் பார்ப்பேன், அது என் பழக்கம், இந்த ஊரில் பிறந்தவன் எவனும் அப்படித்தான். பழுப்பு ஷூ, வட்ட மூக்கு, பாலிஷ் போட்டு மின்னுகிறது, மேலே சாதாரணச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை. ஸ்பெஷல் பிராஞ்ச், மப்டி போலீஸ். சந்தேகமே இல்லை. கோதண்டம் காலத்திலிருந்து இந்த ஷூ என் பின்னால் வருகிறது, மூக்கு கூட மாறவில்லை. உடம்பில் ஒரு பழைய சந்தோஷம் ஓடுகிறது, மறக்கவில்லை, இன்னும் என்னை எழுதி வைத்திருக்கிறார்கள், அதே நேரம் வழி அடைபட்டது என்று வயிறு சொல்கிறது. ஜன்னல் பக்கம் தூங்கும் கிழவர், இந்தப் பக்கம் போலீஸ், பின்படி எங்கோ இருக்கிறது. பஸ் குலுங்கி நிற்கிறது. ரயில்வே கேட். மூடியிருக்கிறது. அதே டீக்கடை, அதே பெஞ்ச் காலியாக எனக்காகப் போட்டு வைத்தது போல. இதோ, விரல் நுனியில் எறும்பு, இதோ நெஞ்சில் முதல் அடி, கை மடியில் பையைத் தேடுகிறது, மடி காலியாக இருக்கிறது, காலி மடியைக் கை தடவுகிறது, காற்று எங்கே போயிற்று, இத்தனை பேர் குடித்துவிட்டார்கள், இந்தத் தடவை நிஜம், போன தடவை படம் எடுத்தவன் தப்பாகப் பார்த்தான், இறங்கு, பெஞ்ச் இருக்கிறது, இறங்கிவிட்டால் மூச்சு வரும், எட்டுப் பேர், இறங்கு. கால் தானாக எழுகிறது. நில். தடியடிக்கு நீ என்ன சொல்லிக் கொடுத்தாய். ஓடுகிறவன் முதுகில்தான் அடி விழும். உட்கார், பக்கத்தில் இருப்பவன் கையோடு கையைக் கோத்துக்கொண்டு தரையில் உட்கார், அடிக்கிறவனுக்கும் கை வலிக்கும், எந்தத் தடியடியும் நாள் முழுக்க நடக்காது. ஆஸ்பத்திரிக் காகிதமும் இதையேதான் மேலே போய்த் தானே இறங்கும் என்று சூடில்லாமல் எழுதியிருக்கிறது, எழுதத் தெரியாதவர்கள், சரியாக எழுதியிருந்தால் ஒரு மாதம் முன்பே புரிந்திருக்கும். உட்கார்ந்தேன். உட்கார்ந்து அந்தப் பழுப்பு ஷூக்காரன் கையைப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்து, ஏகாம்பரம் கம்பெனி கேட்டுக்குத்தான் போகிறான், ஓடமாட்டான், உன் இன்ஸ்பெக்டருக்கு எழுதிக்கோ என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் ஷூவைப் பார்த்தான், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால்.

"ஐயா, நான் ஏடிஎம் வாட்ச்மேன். இது ஏஜென்சில குடுத்த ஷூ. கடிக்குது. உங்குளுக்கு ஒடம்பு சரியில்லியா?"

கையை விடவில்லை, அவனும் உருவிக்கொள்ளவில்லை. மார்பு அடித்துக்கொண்டே இருந்தது, நான் அதை அடிக்க விட்டேன், அடி, எவ்வளவு அடிப்பாய், அந்தக் காலத்தில் என்னைத் தடியால் அடித்த வேலூர் சப் இன்ஸ்பெக்டரை விடவா. பதினோரு வருடமாக ஒரு போலீஸ்காரனும் என் பின்னால் வரவில்லை என்ற விஷயம் அந்த அடியின் நடுவில் மெதுவாக உள்ளே இறங்கியது, அது தனியாக வலித்தது, ஆனால் அது வேறு வலி, அதற்கு மூச்சு முட்டாது. ரயில் போனது, சரக்கு ரயில், முடிவே இல்லாதது. அது போய் முடியும்போது கட்டைவிரலில் எறும்பு இல்லை. யாரும் எதையும் செய்யவில்லை. நான் இறங்கவில்லை, மாத்திரை போடவில்லை, பை இல்லை, அது தானாக வந்தது போலத் தானாகப் போயிற்று, கூலிக்கு வந்த ஆள் கூட்டம் காசு தீர்ந்ததும் கலைவது போல. வாட்ச்மேனிடம் அந்த ஷூவின் பின்பக்கம் உள்தோலை ஈரத் துணியால் துடைத்துவிட்டு விளக்கெண்ணெய் தடவச் சொன்னேன். இரண்டு நாளில் இளகும். மனித ஜாதிக்கு என்னால் முடிந்தது.

கம்பெனி வாசலில் வேன்கள் இன்ஜினை ஓடவிட்டு வரிசையாக நின்றன. தள்ளி ஒரு போலீஸ் வேன், நிஜமானது. எட்டுப் பெண்களும் புளியமரத்தடியில் பையோடு நின்றார்கள், துணிக்கடைப் பை, ஸ்கூல் பை, அரிசிப் பை. என்னைக் கண்டதும் எஸ்தர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் பார்த்தாள். "பை எங்க தோழர்?" என்றாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள், ஆனால் எட்டுப் பேரும் என் கையைப் பார்த்தார்கள். பொய் ஒன்று நாக்கில் தயாராக வந்து நின்றது, அவசரத்தில் மறந்துட்டேன் என்று. அதற்குள் ஷிப்டு மணி அடித்து, கேட் திறந்து, நீல ஓவர்கோட் போட்ட பெண்கள் குனிந்த தலையோடு வேனை நோக்கி வந்தார்கள், நூற்றுக்கணக்கில், கூட்டம், நெஞ்சு முதல் அடியைப் போட்டது, வா என்றேன், நீயும் வா, கூட்டத்துக்கு ஆள் தேவைதான். ரோட்டோர மைல்கல் மேல் ஏறினேன். ஐம்பது பேச்சு தயாராக வைத்திருந்தவன், அதில் ஒன்றும் வரவில்லை, தொண்டை வந்தது.

"எங்கிட்ட பை இல்ல. பாத்துக்கோங்க, வெறும் கை. வெல போயிட்டேன்னு நெனைக்கிறவங்க நெனச்சிக்கோங்க. எனக்கு ஒரு நோவு கீது. கூட்டத்தக் கண்டா, பஸ்ஸக் கண்டா நெஞ்சு அடிக்கும், செத்துருவன்னு தோணும். பயம். அதுக்குப் பேரு பயம்தான். அந்தப் பைய தூக்கினு அலையாத, பயத்துக்குத் தீனி போடாதன்னு டாக்டர் சொன்னாங்க, வுட்டுட்டு வந்துட்டேன். இப்பகூட அடிக்குது. அடிச்சிக்கினேதான் பேசறேன். கக்கூசுக்குப் போறதுக்கு டோக்கன் வெச்சவன் சும்மா வெக்கல. உங்க நெஞ்சு அடிக்கட்டும்னுதான் வெச்சான்."

இன்ஜின் சத்தத்துக்கு மேல் அது கடைசி வேன் வரைக்கும் போனது, எனக்குத் தெரியும், சத்தம் எங்கே போய் விழுகிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். முதல் வேனின் படியில் ஒரு கால் வைத்திருந்த பெண் காலை எடுக்காமலே திரும்பினாள், நடு வயது, கையில் சாப்பாட்டுக் கூடை. "அந்த டோக்கன் மேசைக்கு முன்ன நிக்கறப்ப எனுக்கும் அப்பிடித்தான்யா அடிச்சிக்கும், சுகருன்னு நெனச்சி மாத்திரை போட்டுக்கினு கீறேன்," என்றாள், யாரிடம் என்று இல்லாமல், கோபமாக. பிறகு காலைக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் அவளை இடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. டிரைவர் ஹாரன் அடித்தான். ஒருத்தியும் ஏறவில்லை. நீல ஓவர்கோட்டுகள் ரோட்டை நிறைத்து உட்கார ஆரம்பித்தன, யாரும் சொல்லாமல், கையோடு கை கோத்து, இதை நான் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுகூட இல்லை. மேனேஜர் ஒருவன் கேட்டுக்குள்ளிருந்து போனில் கத்தினான், நாளைக்கு ஆள் எடுப்பதைப் பற்றித்தான் இருக்க வேண்டும், இனி எடுக்கமாட்டான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

இருட்டுவதற்கு முன் எங்கள் ஒன்பது பேரை மட்டும் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். ஏற்றிய சப் இன்ஸ்பெக்டர் சின்னப் பையன், உங்க பேர் என்ன பெரியவரே என்று கேட்டான். சொன்னேன், எழுத்துக்கூட்டியும் சொன்னேன், இனி எழுதி வைத்துக்கொள்ளட்டும். பின்பக்கம் கதவோரம் இடம் காலியாக இருந்தது. எஸ்தர் தன் அரிசிப் பையிலிருந்து சோப்பையும் துணி காயப்போடும் கயிற்றையும் எடுத்து, சோப்பைக் கயிற்றால் நடுவில் அறுத்து, பாதியை என் சட்டைப் பையில், அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கு மேலே போட்டாள். கதவோரம் குந்து தோழர், காத்து வரும் என்றாள். நீ குந்து என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நடுவில் உட்கார்ந்தேன்.